லீவில் இருக்கும்போது இண்டர்வியூ அழைப்பு வந்தால்

தீபாவளிக்கு முதல் நாள். மலேசியாவின் பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலில் பாட்டி வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். கோலாலம்பூர் எண்ணிலிருந்து போன். விண்ணப்பம் போட்டு ஒரு மாதம் ஆகியிருந்த கம்பெனி. "இன்றைக்கு நாலு மணிக்கு வீடியோவில் பேச முடியுமா?" என்று கேட்டார்கள். கை முழுக்க மாவு, மனம் முழுக்கப் பதற்றம். "முடியும்" என்று சொல்லிவிட்டேன்.

மூன்றே முக்காலுக்கு வானம் இருட்டியது. பாட்டி வீடு தகரக் கூரை. நாலு மணிக்கு லிங்க்கைத் தட்டி உள்ளே போனபோது, கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. எதிரே இருந்தவர்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள். ஒரே கேள்வியை மூன்று முறை திரும்பச் சொன்னார்கள். பதினைந்து நிமிடத்தில் "நன்றி, பிறகு தொடர்புகொள்கிறோம்" என்று முடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு அழைப்பு வரவில்லை. தீபாவளி முடிந்து அடுத்த நாள் காலையில் பேசலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கலாம் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

இன்றைக்கு ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்காருகிறேன். முதல் வேலை தேடுகிற, முதல் முறையாக வேலை மாறப் பார்க்கிற நம் பிள்ளைகள் இதே தவற்றைச் செய்வதை அடிக்கடி பார்க்கிறேன். கல்யாண வீட்டு மாடிப்படியில் நின்று பேசுகிறார்கள், ஓடுகிற காரின் பின் சீட்டில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். தேதியை மாற்றிக் கேட்கத் தெரியாததால் நல்ல வாய்ப்பு கைநழுவிப் போகிறது. அவர்களுக்காகத்தான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: போனிலேயே "சரி" சொல்லாதீர்கள்

அழைப்பவர் பெரும்பாலும் எச்.ஆர். பிரிவில் இருப்பவர். அவர் கையில் ஒரு பெயர்ப் பட்டியல், மேனேஜருக்கு எந்தெந்த நேரம் தோது என்ற அட்டவணை, அவ்வளவுதான் இருக்கும். உங்களை எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் அவர் இல்லை. அவரிடம் பயம் வேண்டாம். "அழைத்ததற்கு ரொம்ப நன்றி. இப்போது லீவில் வெளியூரில் இருக்கிறேன். நேரத்தைப் பார்த்துவிட்டு இன்று மாலைக்குள் உறுதி செய்கிறேன்" என்று சொன்னால் போதும். மாலை என்று சொன்னால் மாலைக்குள் பதில் போய்விட வேண்டும்.

போனை வைப்பதற்கு முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எத்தனையாவது சுற்று, யார் பேசப்போகிறார்கள், எவ்வளவு நேரம், போனிலா வீடியோவிலா நேரிலா, தேர்வோ செய்முறைச் சோதனையோ உண்டா, எந்தத் தேதிக்குள் இந்தச் சுற்றை முடிக்கப் போகிறார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். "இந்த மாதக் கடைசிக்குள்" என்றால் உங்களுக்கு இடம் இருக்கிறது. "வெள்ளிக்கிழமையோடு முடிகிறது" என்றால் இல்லை. மின்னஞ்சலிலும் ஒரு வரி அனுப்பச் சொல்லுங்கள். ஊர்ச் சத்தத்தில் தேதியும் நேரமும் தவறாகக் காதில் விழுவது சகஜம்.

எந்தச் சுற்று என்று பாருங்கள்

முதல் சுற்று பெரும்பாலும் எச்.ஆர். போன்தான். பதினைந்து, இருபது நிமிடம். இதை லீவிலேயே செய்துவிடுங்கள். தள்ளிப்போட வேண்டிய அவசியமே இல்லை. கேட்கப்போவது தெரிந்த கேள்விகள்: இப்போது என்ன சம்பளம், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், ஏன் மாறப் பார்க்கிறீர்கள், எப்போது சேர முடியும். பதில்களை ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினால் எங்கே இருந்தாலும் பேசலாம்.

"எப்போது சேர முடியும்" என்ற கேள்விக்குக் குத்துமதிப்பாகப் பதில் சொல்லக்கூடாது. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் எவ்வளவு நாள் நோட்டீஸ் என்று இருக்கிறதோ அதுதான் கணக்கு. ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாமல் இருந்தால் 1955ஆம் ஆண்டு மலேசிய வேலைவாய்ப்புச் சட்டம் சொல்வது இது: இரண்டு வருஷத்துக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 6 வாரம், ஐந்துக்கு மேல் 8 வாரம். ஊரில் இருக்கும்போது ஒப்பந்தம் கையில் இருக்காது. முன்பே படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சுற்று மேனேஜரோடு. முக்கால் மணி, ஒரு மணி நேரம் போகும். இதை லீவில் செய்யலாமா என்பது உங்களுக்குக் கதவு சாத்தக்கூடிய ஒரு அறை இருக்கிறதா, நிலையான லைன் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இரண்டில் ஒன்று இல்லையென்றால் வேறு தேதி கேளுங்கள்.

தேர்வு எழுதும் சுற்று, மூன்று நான்கு பேர் சேர்ந்து கேட்கும் சுற்று, சம்பளம் பேசும் கடைசிச் சுற்று ஆகியவற்றை லீவில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கடைசிச் சுற்றில் நீங்களும் கம்பெனியை எடைபோட வேண்டியிருக்கிறது. பக்கத்து அறையில் சொந்தக்காரர்கள் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது சம்பளத்தைப் பற்றி யாரும் நிதானமாகப் பேச முடியாது. சீக்கிரம் முடித்தால் போதும் என்று முதலில் சொன்ன தொகைக்கே தலையாட்டிவிடுவோம்.

எதற்காக எடுத்த லீவு?

முதல் இரண்டு வருஷத்தில் சட்டம் உங்களுக்கு உறுதி செய்யும் ஆண்டு விடுப்பு 8 நாள். அதன் பிறகு 12, ஐந்து வருஷத்துக்கு மேல் 16. சில கம்பெனிகள் கூடுதலாகத் தருகின்றன, சட்டம் விதிப்பது இவ்வளவுதான். அந்த எட்டில் ஒன்றை இண்டர்வியூவுக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சு என்றாலும் முந்தின இரவுப் பதற்றம், காலைத் தயாரிப்பு, முடிந்த பிறகு "அப்படிச் சொல்லியிருக்கலாமே" என்று புழுங்குவது எல்லாம் சேர்ந்து ஒரு முழு நாளைத் தின்றுவிடும்.

நான் வைத்திருக்கும் கணக்கு எளியது. மறுபடி கிடைக்காத நாளில் இண்டர்வியூ வேண்டாம். அக்கா கல்யாணம், தாத்தாவின் கருமாதி, காவடி எடுக்க நேர்ந்துகொண்டு தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ போகிற தைப்பூசம், இந்த நாட்களை யாருக்கும் கொடுக்காதீர்கள். சும்மா ஊருக்குப் போய்ப் படுத்துத் தூங்குகிற லீவு என்றால் ஒரு காலைப்பொழுதைக் கொடுக்கலாம்.

கூட இருப்பவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். என் அப்பாவுக்கு இது பிடிக்காது. "ரெண்டு நாளுக்குத்தான் வந்திருக்க, அதிலயும் கம்பெனிக்காரன் போனா?" என்பார். "காலையில ஒன்பதரையிலிருந்து பதினொன்னு வரைக்கும்தான்பா, அப்புறம் முழுக்க உங்களோடதான்" என்று சொன்னால் அவரே பிள்ளைகளை வாசலுக்கு அழைத்துப் போய்விடுவார். தொடக்க நேரத்தோடு முடியும் நேரத்தையும் சொல்லுங்கள், அதுதான் வீட்டாருக்கு நிம்மதி.

வேறு தேதி கேட்பது எப்படி

பயப்படுகிறவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரு வேலைக்குப் பலரைப் பார்க்கிறோம், ஒரே நாளில் எல்லோரையும் பார்ப்பதில்லை. ஒருவர் "திங்கட்கிழமை முடியாது, வியாழன் முடியும்" என்று சொன்னால் அட்டவணையில் ஒரு கட்டம் மாறுகிறது. அதற்காக யாரையும் நான் ஒதுக்கியதில்லை. ஒதுக்கியது வேறு ஆட்களை: வருகிறேன் என்று சொல்லி வராதவர்கள், ஐந்து நிமிடத்துக்கு முன் "லைன் இல்லை" என்று செய்தி அனுப்பியவர்கள்.

செய்தி சுருக்கமாக இருக்கட்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ நான்கு வரி. அழைத்ததற்கு நன்றி. இந்தத் தேதி வரை முன்பே திட்டமிட்ட விடுப்பில் வெளியூரில் இருக்கிறேன். இந்த வேலையில் எனக்கு உண்மையான ஆர்வம் இருக்கிறது. நான் திரும்பியதும் இந்த மூன்று நேரங்களில் எது தோதாக இருக்கும்? மூன்று நேரம் கொடுப்பதுதான் சூட்சுமம். "எப்போது வேண்டுமானாலும் சரி" என்று எழுதினால் எச்.ஆர். மறுபடி யோசிக்க வேண்டும். மூன்றைக் கொடுத்தால் ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். எங்கே போயிருக்கிறீர்கள், யாருக்குக் கல்யாணம் என்ற விவரம் தேவையில்லை. உடம்பு சரியில்லை என்று பொய் சொல்ல வேண்டாம். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) எடுத்து இண்டர்வியூவுக்குப் போவதும் வேண்டாம். நம் ஊர் சிறியது, ஒரு துறையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருப்பார்கள்.

இன்னொன்று: பினாங்கின் பொது விடுமுறை எல்லாம் கோலாலம்பூருக்குத் தெரிந்திருக்காது. ஜூலை 7 ஜார்ஜ் டவுன் பாரம்பரிய நாள் பினாங்குக்கு மட்டும் விடுமுறை. பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம் கோலாலம்பூருக்கு விடுமுறை, பினாங்கில் வேலை நாள். சில சமயம் அவர்கள் தெரியாமல் கேட்கிறார்கள். "அன்று எங்கள் மாநிலத்தில் விடுமுறை" என்று சொன்னால் அவர்களே மாற்றுவார்கள்.

மாற்ற முடியாதவையும் உண்டு. அரசாங்க வேலைக்கான நேர்முகத் தேர்வு முன்கூட்டியே நாள் குறித்து நடப்பது. உங்கள் ஒருவருக்காக நகர்த்துவார்கள் என்று நம்பி இருக்காதீர்கள். ஒரே நாளில் வந்தவர்களையெல்லாம் பார்க்கும் திறந்த இண்டர்வியூவும் அப்படித்தான். இவற்றுக்கு லீவைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்புவதா என்பதை வேலையின் மதிப்பை வைத்து முடிவு செய்யுங்கள்.

செய்வது என்று முடிவெடுத்தால்

காலை நேரம் கேளுங்கள். நம் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடியும் மழையும் வழக்கம். தகரக் கூரை வீடு என்றால் காலை பத்து மணியைவிடச் சிறந்த நேரம் கிடையாது. அதற்குள் காலைச் சாப்பாடு முடிந்திருக்கும், மதியச் சமையலின் மிக்சி இன்னும் தொடங்கியிருக்காது.

முதல் நாளே, இண்டர்வியூ நடக்கப்போகும் அதே மணிக்கு, அதே அறையில் உட்கார்ந்து ஒரு நண்பரோடு வீடியோவில் பேசிப் பாருங்கள். நான் இப்போது செய்வது இப்படி: படுக்கையறையில் தையல் மிஷின் மேசையை ஜன்னலுக்கு எதிரே திருப்பிப் போடுவேன், வெளிச்சம் முகத்தில் விழும். பெரிய மைலோ டின் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதன் மேல் மடிக்கணினி. கேமரா கண் மட்டத்துக்கு வந்துவிடும். மேலே சுற்றும் காற்றாடியை நிறுத்திவிடுவேன், அதன் காற்று மைக்கில் படபடவென்று அடிக்கும். வியர்க்கும், அதற்குக் கைக்குட்டை. கதவுக்கு அடியில் ஒரு பழைய துண்டு. நாலு மூலையிலும் நின்று கைப்பேசியில் எத்தனை கோடு லைன் காட்டுகிறது என்று பார்த்துவிட்டு மேசையின் இடத்தை முடிவு செய்வேன்.

வீட்டு வைஃபையை மட்டும் நம்பாதீர்கள். ஒரு மணி நேர வீடியோவுக்கு ஏறக்குறைய 1 ஜிபி டேட்டா போகும். கைப்பேசியில் அதற்கு மேல் வைத்திருங்கள், வைஃபை போனால் உடனே ஹாட்ஸ்பாட்டுக்கு மாறலாம். எச்.ஆரின் எண்ணையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். லைன் அறுந்தால் ஒரு நிமிடத்துக்குள் போன் போட்டு "ஆடியோவில் தொடரலாமா?" என்று கேட்கிறவரைப் பற்றி நல்ல எண்ணமே வரும்.

கேமரன் மலை மாதிரி இடத்துக்குப் போகிறவர்கள், மலையில் ஏறுகிற நாளிலும் இறங்குகிற நாளிலும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். வளைவுகளில் லைன் வரும், போகும். மாமாக் கடையும் (தமிழ் முஸ்லிம் உணவுக் கடை) வேண்டாம். தே தாரேக் டீ ஆற்றுகிற சத்தமும் டிவியில் பந்து விளையாட்டும் உங்களுக்குப் பழகியிருக்கும், எதிரே இருப்பவருக்கு அது மட்டும்தான் கேட்கும். வேறு வழி இல்லையென்றால் அரைநாளுக்கு ஒரு மலிவான ஹோட்டல் அறை எடுப்பது வீண் செலவு இல்லை.

வெளிநாட்டில் இருந்தால் நேரத்தை இரண்டு முறை சரிபாருங்கள். தமிழ்நாடு நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். கோலாலம்பூரில் காலை 10 என்றால் பழனியில் ஏழரை. என் சித்தி மகள் கோயில் சுற்றுலாவில் இருந்தபோது ஒன்பது மணி இண்டர்வியூவுக்குச் சம்மதித்துவிட்டாள். அது அங்கே காலை ஆறரை, எல்லோரும் மலை ஏறக் கிளம்பும் நேரம். பிறகு விளக்கி எழுதி, மலேசிய நேரம் பிற்பகல் மூன்றுக்கு மாற்றினாள். அங்கே பன்னிரண்டரை, வேனில் வந்தவர்கள் சாப்பிட்டுப் படுத்திருக்கும் வேளை, லாட்ஜ் அறையில் நிம்மதியாகப் பேசினாள். தாய்லாந்தின் ஹாட்யாய் ஒரு மணி நேரம் பின்னால். சிங்கப்பூர், பாலி, பெர்த் மூன்றும் நம் நேரமே. மின்னஞ்சலில் எப்போதும் "மலேசிய நேரம்" என்று சேர்த்து எழுதுங்கள்.

மறந்துவிடுகிற ஒரு சின்னப் பொருள்: பிளக். நம் மடிக்கணினியின் தட்டை மூன்று முனை பிளக், தமிழ்நாட்டின் உருண்டை ஓட்டையில் நுழையாது. அடாப்டரைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய் உள்ளூர் சிம் போட்டால் நம் மலேசிய எண்ணுக்கு வருகிற ஓ.டி.பி. வராது. புதிய கணினியில் மின்னஞ்சலைத் திறக்க முடியாமல் நிற்க வேண்டி வரும். பழைய சிம்மை வேறொரு கைப்பேசியிலாவது உயிரோடு வைத்திருங்கள்.

நேரில் வரச் சொன்னால்

பினாங்கில் லீவில் இருக்கிறீர்கள், கோலாலம்பூரில் இண்டர்வியூ. பட்டர்வொர்த்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு இ.டி.எஸ். ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். போக வர எட்டு, அதற்கு மேல் காத்திருப்பு. பண்டிகைச் சமயத்தில் டிக்கெட் கிடைப்பதே பாடு, நெடுஞ்சாலையோ நெரிசல். ஒரு மணி நேரப் பேச்சுக்கு முழு நாளும் ஒரு தூக்கமும் போகிறது. முதல் சுற்றை வீடியோவில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிட்டு, அவர்கள் முடியாது என்றால் மட்டும் பயணத்தைப் பற்றி யோசியுங்கள்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு, அதில் லீவே உங்களுக்கு உதவுகிறது. கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டு ஊருக்கே திரும்ப நினைக்கிற பினாங்குப் பிள்ளைகள் நிறைய. பாயான் லெப்பாஸில் 1972இல் தொடங்கிய தொழிற்பேட்டை இன்றும் ஆள் எடுக்கிறது, பத்து காவானிலும் தொழிற்சாலைகள் எழுந்திருக்கின்றன. ஊருக்குப் போகும் தேதி தெரிந்தவுடன் அந்தக் கம்பெனிகளுக்கு நீங்களே எழுதுங்கள்: "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை பினாங்கில் இருப்பேன், நேரில் வர முடியும்." தனியாக ஒரு லீவும் ஒரு டிக்கெட்டும் மிச்சம். தொழிற்சாலையையும் கண்ணால் பார்த்துவிடலாம். நிபோங் திபால் பக்கம் இருப்பவர்கள் பத்து காவானிலிருந்து பத்து மாவுங் போகும் இரண்டாம் பாலத்தைப் பிடியுங்கள். பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து முதல் பாலம் ஏறுகிறவர்கள் காலை நெரிசலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் கிளம்பும்போதே பையில் ஒரு இஸ்திரி போட்ட சட்டை, மூடிய காலணி, சான்றிதழ் நகல்கள் இருக்கட்டும். தம்பியின் காலணியைக் கடன் வாங்கிப் போய்க் கால் கடித்துத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே சுற்றிப்பார்க்க வந்தவர்களுக்கு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கும்போது "ஒரு கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறேன், போய்ப் பார்" என்று யாராவது சொல்வார்கள். போய்ப் பேசுவது வேறு, வேலை பார்ப்பது வேறு. இந்தியக் கடவுச்சீட்டுக்கு 30 நாள் விசா இல்லாமல் வரும் சலுகை 2026 டிசம்பர் 31 வரை இருக்கிறது. அது சுற்றிப்பார்ப்பதற்கான அனுமதி. அதை வைத்துக்கொண்டு ஒரு நாள்கூட வேலை செய்யக்கூடாது. "இரண்டு நாள் வேலை செய்து காட்டு" என்றால் மறுத்துவிடுங்கள், சம்பளம் இல்லாமல் என்றாலும் கூட. வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியது கம்பெனிதான். கடவுச்சீட்டின் நகலைக் காட்டலாம். அசலை வாங்கி வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது, 1966ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டம் அதைக் குற்றமாக்குகிறது.

சந்தேகப்பட வேண்டிய அழைப்புகள்

லீவில் மனம் தளர்ந்திருக்கும், ஏமாற்றுகிறவர்களுக்கு அது வசதி. நீங்கள் விண்ணப்பமே போடாத வேலை, டெலிகிராமில் மட்டும் பேச்சு, "பதிவுக்கு" என்று கொஞ்சம் பணம், இவற்றில் ஒன்று வந்தாலும் பதில் போடாதீர்கள். "ஹாட்யாயில்தானே இருக்கிறீர்கள், அங்கிருந்தே வண்டி அனுப்புகிறோம், நேரில் பேசலாம்" என்று யாராவது சொன்னால் வண்டியில் ஏறவே ஏறாதீர்கள். வேலை என்று நம்பிப் போய் மியன்மாரிலும் கம்போடியாவிலும் மோசடிக் கூடங்களில் சிக்கிய மலேசியர்கள் உண்டு. பணம் அனுப்பிவிட்டால் தாமதிக்காமல் வங்கிக்கும் தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்கும் அழையுங்கள்.

முடிந்த பிறகு

திரை அணைந்ததும் எழுந்துவிடாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து, கேட்ட கேள்விகளையும் நீங்கள் தடுமாறிய இடங்களையும் தமிழிலேயே எழுதி வையுங்கள். ஊர் திரும்புவதற்குள் எல்லாம் மறந்திருக்கும், அடுத்த சுற்றுக்கு இந்தத் தாள்தான் துணை. பிறகு இரண்டு வரியில் நன்றி மின்னஞ்சல், அதில் "இந்தத் தேதியிலிருந்து வழக்கம்போல் தொடர்புகொள்ளலாம்" என்று உங்கள் திரும்பும் நாள். பொது விடுமுறையை ஒட்டி இண்டர்வியூ கொடுத்திருந்தால் அந்த வாரத்தில் பதில் வராது. மேனேஜரும் லீவில்தான் இருப்பார். நீங்கள் திரும்பி வந்து மூன்று வேலை நாள் ஆன பிறகு ஒரு முறை கேட்டு எழுதலாம்.